சித்தப்பா இனம் பிரித்த பாத்திரங்கள்

எங்கள் சித்தப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் பரம எதிரியாக இருந்தது. 'கிளாசிஃபை' என்பது அது. நாமக்கல் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சை எழுதி, மற்றப் பாடங்களையெல்லாம் தாண்டி, இங்கிலீஷில் மட்டும் இரண்டு தரம் விழுந்தவர் அவர். இரண்டு தரமும் காலை வாரிவிட்டது இந்தச் சொல்தானாம். மூன்றாம் தரத்துக்குப் படிக்கிறேன் என்று ஊரோடு வந்திருந்தவர், அதை ஒரு கை பார்த்துவிடுவதென்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

இனம் பிரிப்பது என்று அதற்கு அர்த்தம். எருமைகளைக் கறவை, வறட்டு என்று கிளாசிஃபை பண்ணுவார். விருந்தாளிகளைச் சாப்பிட்டதும் கிளம்புகிறவர்கள், சாப்பிட்டதும் படுத்துக்கொள்கிறவர்கள் என்று பண்ணுவார். என்னை மட்டும் எந்த இனத்திலும் சேர்க்க முடியவில்லை என்பார். எனக்கு அதில் ஏகப் பெருமை.

"எத வெச்சுப் பிரிக்கறோம்கறதுதான் சங்கதி, சாமி. நெறத்த வெச்சா ஒரு மாதிரி வரும், கொம்ப வெச்சா இன்னொரு மாதிரி வரும். அத ரோசிக்காமப் பிரிக்கறவன் மடையன்" என்று என்னிடம் அடிக்கடி சொல்லுவார்.

பிரிப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதும் அல்ல. அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்போம். அவர் காலமான மறு வருஷம் பெரியப்பாவும் அப்பாவும் காடு, கிணறு, மாடு எல்லாம் பங்கு பிரித்து, வாசலுக்கு நடுவே ஒரு மண்சுவரும் வைத்துக்கொண்டார்கள். அதுவரை சண்டை இல்லை. கடைசியில் பித்தளைப் பாத்திரம் பிரிக்கும்போது ஒரு தவலை யாருக்கு என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வார்த்தை தடித்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. கல்யாணம் ஆகாத சித்தப்பாவுக்கு ஒரு மாதம் அந்த வீட்டில் சோறு, ஒரு மாதம் இந்த வீட்டில் சோறு.

இதில் பெரிய நஷ்டம் எனக்குத்தான். பெரியம்மாவின் மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். சுவருக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தில் அவளுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். கயிறு கிறீச்சிடுவது எங்கள் வாசல்வரை கேட்கும். போகக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அந்த ஊஞ்சலில் அவளோடு ஆட வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகமில்லை.

அப்போதுதான் அத்தை கல்யாணம் வந்தது. அண்ணன்மார் மூவருக்கும் ஒரே தங்கச்சி. இரண்டு வீட்டுப் பாத்திரமும் ஒரே பந்தலுக்கு வந்தாக வேண்டும். வந்தன, ஆனால் பெரியம்மாவுடையது மேற்கே, எங்களுடையது கிழக்கே. கழுவுவதும் தனி, கவிழ்ப்பதும் தனி. எல்லாமே அப்பாரு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரே கடையில் வாங்கி, தம் பெயரின் முதல் எழுத்தை வெட்டிக்கொண்டு வந்தவை. கலந்தால் பிரிக்க முடியாது என்று இருவருக்கும் பயம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். பேச்சுக்கு மட்டும் நான். "உங்கம்மாகிட்டச் சொல்லு, உப்புப் பத்தலையாம்." "உங்க பெரீம்மாகிட்டச் சொல்லு, போட்டாச்சாம்."

மேட்டூரில் அணை கட்டி முடிக்காத காலம் அது. காவிரியில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வரும். அக்கரை மாப்பிள்ளை. தண்ணீர் ஏறுவதற்குள் பெண்ணைப் பரிசல் ஏற்றிவிட வேண்டும் என்று மோகனூர்த் துறைக்கு எல்லோரும் ஓடினார்கள். காலில் முள் குத்தியிருந்ததால் நான் போகவில்லை. தங்கச்சி அழுவதைப் பார்க்க மனசு தாங்காது என்று பந்தலிலேயே விடைகொடுத்துவிட்டுச் சித்தப்பாவும் நின்றுவிட்டார்.

"வா சாமி, கிளாசிஃபை பண்ணலாம்" என்றார்.

மேற்கையும் கிழக்கையும் ஒன்றாக்கினோம். அண்டாக்கள் ஒரு வரிசை, தவலைகள் ஒரு வரிசை, சோறு எடுக்கிற போசிகள் ஒரு வரிசை. கரண்டிகளை நீளவாக்கில் அடுக்கியது நான். அவ்வளவு அழகாக இருந்தது.

அழுது வீங்கிய முகத்தோடு திரும்பிய அம்மாவும் பெரியம்மாவும் பந்தல் வாசலில் அப்படியே நின்றார்கள்.

"என்ன தம்பி பண்ணி வெச்சிருக்கறீங்க?" என்றார் அம்மா.

அண்ணன் மனைவியரைச் சித்தப்பா நங்கை என்றுதான் கூப்பிடுவார். "இனம் பிரிச்சிருக்கறனுங்க, நங்கை" என்றார் அடக்கமாக.

பின்னால் வந்த பெரியப்பாவும் அப்பாவும் ஒரு பார்வை பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் காட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரியம்மா ஒரு போசியை எடுத்துத் திருப்பினார். முதன்முறையாக என்னைத் தாண்டி, அம்மாவையே பார்த்துக் கேட்டார். "ஏம்புள்ள, இந்த நசுங்கல் நீ கெணத்து மேட்டுல போட்டதுதான?"

"நான் எங்கீங்க்கா போட்டேன்? நீங்க போட்டுப்போட்டு, மாமியாகிட்ட என்ற பேரச் சொன்னீங்க."

பெரியம்மா அந்த நசுங்கலை விரலால் ஒரு தரம் தடவினார். பிறகு அவர் தோள் குலுங்கியது. "சொன்னேன்தான்" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொரு நசுங்கலுக்கும் ஒரு கதை வந்தது. விளக்கு வைக்கும் நேரம்வரை ஒரு வரிசைகூட முடியவில்லை. மிச்சம் நாளைக்கு என்று எழுந்தார்கள். அந்த நாளை வரவே இல்லை. பாத்திரங்கள் பொதுவிலேயே கிடந்தன. சண்டைக்குக் காரணமான தவலையை மட்டும் இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அது சித்தப்பாவைப் போல ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே இருந்தது.

படித்த பிள்ளைக்குப் பாத்திரம் பிரிக்கத் தெரியவில்லை என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். மூன்றாம் தரமும் அவர் இங்கிலீஷில் விழுந்தபோது யாருக்கும் ஆச்சரியமில்லை.

ஒரு நாள் பெரியம்மாவுக்குப் போசி ஒன்றைக் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினார். எது யாருடையது என்று தெரியாமல் குவியலுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றேன். கயிற்றுக் கட்டிலில் படித்துக்கொண்டிருந்த சித்தப்பா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "ஓரத்துல இருக்கறது பெரிய நங்கையூட்டுது. அதுக்குப் பக்கத்துல நம்முளுது. அடுத்த ரெண்டும் அவங்குளுது."

"உங்களுக்கு எப்படீங்க சித்தப்பா தெரியும்?"

"ரெண்டு ஊட்டுலயும் சோறு தின்னவன் நான் ஒருத்தன்தான, சாமி" என்று பக்கத்தைப் புரட்டினார்.

அப்படியானால் அன்றைக்கு ஏன் கலந்தீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஓரத்திலிருந்த போசியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊஞ்சலில் அவளோடு எனக்கும் இடம் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.