அப்பா பூக் கேட்ட காலை

கோயிலில் இருந்தவர்கள்: அப்பா. அம்மா. பெரியப்பா. பெரியம்மா. உடும்பஞ்சோலை மலையிலிருந்து வந்திருந்த மாமா, அம்மாவின் அண்ணன். பூசாரி. பிறகு நான். எனக்கு எட்டு வயது. அன்றைக்கு எல்லாரையும் விட நான்தான் முக்கியம். பச்சைப் பாவாடை கட்டியிருந்தேன்.

எழுபதுகளில் நடந்தது. அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளிக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பேர் எழுதிய இரும்புப் பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. எங்கே குடியிருப்பது என்று முடிவாகவில்லை.

இரண்டு வழி இருந்தது. ஒன்று, இங்கேயே இருப்பது. தாத்தா விட்டுப்போன வயலைப் பதினெட்டு வருசமாகப் பெரியப்பாதான் உழுதார். அப்பா இங்கே இருந்தால் அதில் பாதி அப்பாவுக்கு. இன்னொன்று, மலைக்குப் போவது. மாமா அங்கே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. தோட்டக் காவலுக்குப் பட்டாளத்து ஆளாக வேண்டும் என்று முதலாளி கேட்டிருந்தார். வீடும் கொடுப்பார்கள்.

மாமா வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஊட்டுக்குள்ளயே மேகம் வரும் அம்மிணி. கதவைக்கூடத் தட்டாது" என்றார்.

யானை வரும் என்றார். ஜீப் வரும் என்றார். நான் மலை என்று முடிவு செய்துவிட்டேன். பெரியப்பா அந்த நாட்களில் பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். வயிறு சரியில்லை என்று பெரியம்மா சொன்னாள். நம்பினேன்.

அப்பாவுக்கு முடிவு செய்யத் தெரியவில்லை.

"பதினெட்டு வருசம் எங்க போகோணும்னு எவனும் என்னைக் கேட்டதில்லீங்ணா. ஆர்டர் வரும். பெட்டியத் தூக்குவேன்" என்று பெரியப்பாவிடம் சொன்னார்.

"அப்ப சாமியவே ஆர்டர் போடச் சொல்லுங்க மாப்ளே" என்று மாமா சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "அதுதான் சரி" என்றார்.

எங்கள் பக்கம் பெரிய காரியத்துக்குப் பூக் கேட்பார்கள். இரண்டு நிறப் பூவைத் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். சின்னப் பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஊர். சிவப்பு வந்தால் மலை. எடுக்கும் பிள்ளை நான். பூப் பறித்து வரும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். அது அவர்கள் செய்த தப்பு. செவ்வரளியை நீளக் காம்போடு பறித்தேன். நந்தியாவட்டையைக் காம்பில்லாமல் கிள்ளினேன். இலைக்கு மேலே தடவினாலே தெரிந்துவிடும்.

பூசாரி ஒழுங்கான மனுசர். மடிப்பதற்கு முன்னால் எல்லாக் காம்பையும் கிள்ளிப் போட்டார்.

"எடு அம்மிணி" என்றார்.

தடவிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.

"ஏன்டி, சந்தையில கத்திரிக்காயா பொறுக்கறே? சட்டுனு எடு" என்றாள் பெரியம்மா.

கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பூசாரி கையில் கற்பூரத் தட்டு. அப்பாவிடம் கொடுக்கச் சொன்னார். அப்பா அதிகாரி முன்னால் நிற்பதுபோல விறைப்பாக நின்று வாங்கினார். பிரித்தார். நான் அவர் முழங்கைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன்.

வெள்ளை.

மேகம் போச்சு. யானை போச்சு.

அப்பா திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அப்பா இலையை மடித்துச் சட்டைப் பையில் போட்டார்.

"செவப்புங்ணா. ஆர்டர் வந்திருச்சு. மலை."

பெரியப்பா கண்ணைத் திறந்தார். "நெசமாவா தம்பி?"

"சாமி பொய் சொல்லுமுங்களா?"

பூசாரி மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை நீட்டினார். "அது எதுக்குங்க" என்றார் அப்பா. பூசாரி அவர் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை அம்மன் காலடிப் பூக்குவியலுக்குள் தள்ளிவிட்டார்.

மாமா கை தட்டினார். பெரியம்மா அழுதாள். அழுதுகொண்டே என் கன்னத்தைக் கிள்ளினாள். பெரியப்பா அப்பாவின் தோளில் கை வைத்தார். வீடு வந்து சேரும்வரை எடுக்கவில்லை. நான் கோயிலை மூன்று சுற்று ஓடினேன். எனக்காக அம்மன் வெள்ளையைச் சிவப்பாக்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அம்மா சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் நந்தியாவட்டை இருந்தது.

"இது வெள்ளைதானேம்மா?"

"செவப்பு வாடுனா இப்பிடித்தான் ஆகும் அம்மிணி" என்று அடுப்பில் போட்டாள்.

அதையும் நம்பினேன்.

அடுத்த வாரம் கிளம்பினோம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி, போடி என்று தமிழ்நாட்டு வழியாகச் சுற்றி மறுபடி கேரளாவுக்குள் ஏறினோம். வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு யானை தேடினேன். யானை வரவில்லை. மேகம் வந்தது. கதவைத் தட்டவில்லை.

வருசா வருசம் அறுப்பு முடிந்ததும் பெரியப்பா ஒரு மூட்டை அரிசியோடு மலை ஏறி வருவார். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார். மலையில் அரிசி கிடைக்காதா, எதற்கு இவ்வளவு தூரம் சுமக்கிறார் என்று நினைப்பேன். நல்லேப்பிள்ளியில் கண்ணுக்கு எட்டிய பச்சை முழுக்க எங்களுடையது என்றுதான் அப்போது எனக்கு எண்ணம்.

பெரியவளான பிறகு பத்திரத்தைப் பார்த்தேன். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரு ஏக்கர் இருபது சென்ட்.