நிலுவைக்குப் பிடித்த வரி

வாழவந்திப் பள்ளியில் நான் வேலை பார்த்த இரண்டு வருடத்துக்குப் பணிப்பதிவேட்டில் தலைமையாசிரியரின் கையெழுத்து இல்லை. போட மறந்தது அவர். தண்டனை எனக்கு. ஓய்வுபெற்ற பிறகு நான்கு வருடம், தற்காலிக ஓய்வூதியம் என்ற பெயரில் ஒரு சிறு தொகைதான் வந்தது. நாகலூரில் என் வீட்டுக் கூரை ஒழுகியது. நான்கு மழைக்காலமும் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் படுத்தேன்.

ஐந்தாம் வருடம் கோப்பு ஒருவழியாக நகர்ந்தது. நிலுவை முழுவதும் ஒரே நாளில் வங்கிக் கணக்கில் ஏறும் என்றார்கள். கூரை வேலைக்கு ஆளைக்கூடச் சொல்லி வைத்துவிட்டேன். வந்த தொகையைப் பார்த்தபோது, அதில் பெரிய துண்டு ஒன்றைக் காணோம். வருமான வரி.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போய்க் கருவூல அலுவலகத்தில் நின்றேன். என் மகன் வயதிருக்கும் எழுத்தர், உட்காரச் சொல்லிவிட்டுக் கணினியைப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒரே வருசத்துல வந்த வருமானம் அல்லீங்களா? அதுக்குத் தகுந்த வரியத்தான் புடிச்சிருக்குது."

"ஒரு வருசத்துச் சம்பாத்தியம் இல்லீங்க. நாலு வருசமா எனக்குக் குடுக்காம வெச்சிருந்தது."

மாதாமாதம் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் வரியே பெரிதாக வந்திருக்காது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை.

"பத்து-ஈ-ன்னு ஒரு ஃபாரம் இருக்குதுங்க. அதப் போட்டிருந்தா அந்தந்த வருசத்துக்குப் பிரிச்சுக் கணக்குப் பண்ணியிருப்போம். வரி நொம்பக் கொறஞ்சிருக்கும்."

"யாருமே சொல்லலீங்களே."

"நீங்க கேக்கலீங்களே."

இருக்கிறதென்றே தெரியாத ஒன்றை எப்படிக் கேட்பது? பாடத்தை நடத்தாமலே பரீட்சை வைத்தால் எந்த ஆசிரியரையாவது விட்டுவைப்பார்களா? தாமதம் அவர்களுடையது. அந்தத் தாமதத்தால் காகிதத்தில் பணக்காரியானதற்கு வரி கட்டியது நான்.

நேராகக் கடைக்குப் போனேன். சார்ட் அட்டையும் மார்க்கரும் வாங்கி, ஓய்வூதிய நிலுவை பெறுவோர் பத்து-ஈ படிவம் கேட்டு வாங்கிப் போடுங்கள் என்று, கடைசி பெஞ்சுக்கும் தெரியும்படி எழுதினேன். திரும்பி வந்து அலுவலகச் சுவரில் ஒட்டினேன். அதிகாரியின் அனுமதி வேண்டுமென்றார் எழுத்தர். என் பணத்தில் வரி பிடிக்க யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டேன். அடுத்த மாதம் போனபோது அட்டையைக் காணோம். இன்னொன்று எழுதி ஒட்டினேன். அதையும் கிழித்தார்கள். மூன்றாவதை யாரும் தொடவில்லை.

சேலத்தில் ஒரு தணிக்கையாளரைப் பிடித்துப் படிவத்தைப் போட்டு, வரிக் கணக்கும் தாக்கல் செய்தேன். அதிகமாகப் பிடித்த பணம் பத்து மாதம் கழித்து, கொஞ்சம் வட்டியோடு திரும்பி வந்தது. அதற்குள் இன்னொரு மழைக்காலமும் முடிந்திருந்தது. கூரைக்குத் தகரம் மாற்றினேன்.

வட்டி வந்ததைத் தணிக்கையாளரிடம் சொன்னேன். அடுத்த வருடக் கணக்கில் அதையும் வருமானமாகக் காட்ட வேண்டும், அதற்கும் வரி உண்டு என்றார். காட்டினேன். கையெழுத்துப் போடும்போது பேனா முள் தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் எடுத்துக் கொடுத்தார்.