மூத்தவள் பேரில் இளையவள்

பச்சையம்மாவுக்குப் பெண்கள் இரண்டு. மூத்தவள் கோகிலவாணி, இளையவள் சிவசங்கரி. இது வீட்டில் இருக்கிறவர்கள் சொல்வது. சர்க்காரைக் கேட்டால் வேறு கதை. வேலூரில் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாளே இளையவள், சர்க்காருக்கு அவள்தான் கோகிலவாணி. ஆறு மாத வயிற்றோடு அம்மா வீட்டில் சாமை புடைத்துக்கொண்டிருக்கிற மூத்தவளுக்கு எந்தக் காகிதத்திலும் பெயரே கிடையாது. இதென்ன கூத்து என்பீர்கள். கூத்துதான். அதை ஆடி வைத்தவள் சாட்சாத் பச்சையம்மாவேதான்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், தங்கிப் படிக்கிற பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க வாத்தியார் மலையில் ஊர் ஊராக நடந்து வந்தார். ஏழு வயசு கோகிலவாணியின் பெயரை எழுதிக்கொண்டு போனார். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சாமை விதைக்க வழியில்லாமல் பச்சையம்மாவும் புருஷன் வேடியப்பனும் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குக் கிளம்பினார்கள். யாரை விட்டுப்போவது, யாரைக் கூட்டிப்போவது? மூத்தது சொன்ன பேச்சைக் கேட்கும், அடுப்பைப் பார்த்துக்கொள்ளும். இளையதோ ஐந்து வயசு வாலு. அட்டை கடிக்கிற தோட்டத்தில் அதை யார் மேய்ப்பது?

‘எந்தப் புள்ளயா இருந்தா இன்னா, ஒரு புள்ள போனா செரி’ என்று இளையவளைக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டாள். வாத்தியார் பதிவேட்டைப் பார்த்து, “கோகிலவாணிதானே?” என்றார். இல்லை என்றால் சேர்த்துக்கொள்ள மாட்டாரோ என்று பயந்து, “ஆமா சார்” என்றாள். அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த வருஷமும் மழை இல்லை. அப்புறம் ஆதார், மார்க்‌ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக அந்தப் பெயரிலேயே வந்து சேர்ந்தன.

இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இப்போது சுகாதார நிலையத்து நர்சம்மா பிடித்துக்கொண்டாள். “ஆதார் இல்லாம எப்படிம்மா பதியறது? நாளைக்கிக் கொழந்த சர்ட்டிபிகேட்ல அம்மா பேருன்னு இன்னா போடறது? வெள்ளிக்கெழம ஜமுனாமரத்தூர்ல முகாம் போடறாங்க, எடுத்துட்டு வந்துடு” என்றாள்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது ஒரே ஒரு காகிதம். இளையவள் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது கொடுத்த பிறப்புச் சான்றிதழ். பெயர் சிவசங்கரி. மூத்தவள் வீட்டில் பிறந்தவள், அவளுக்கு அதுவும் இல்லை.

“அவ பேர்லயே எடுத்துக்கோடி” என்றாள் பச்சையம்மா, பெரிய யோசனையைக் கண்டுபிடித்த மாதிரி.

கோகிலாவுக்கு வந்ததே கோபம்! முறத்தைக் கீழே வைத்தாள். “நான் எதுக்கு சங்கரி ஆவணும்? எம் புள்ள சர்ட்டிபிகேட்ல எம் பேருதான் வரணும். முகாம்ல உண்மையச் சொல்லிடப் போறேன்.”

“ஐயையோ, அவ படிப்பு போயிடும்டி!”

“எம் படிப்பு போச்சே, அப்ப யாரு ஐயையோ சொன்னாங்க?”

“உன்னப் பிரிய மனசு வராமதான கூடவே கூட்டினு போனேன்?”

“அடுப்பு ஊத ஆள் வோணும்னு கூட்டினு போன. நானும் சொன்ன பேச்சக் கேட்டுக்கினு இருந்துட்டேன் பாரு, என்னச் சொல்லணும்.”

பச்சையம்மா பக்கத்து வீட்டுப் பையனை விட்டு இளையவளுக்குப் போன் போடச் சொன்னாள். அவளாவது நாலு வார்த்தை பேசி அக்காவைச் சமாதானப்படுத்துவாள் என்று பார்த்தால், அவள் வேறு தினுசாக அழுதாள்.

“சொல்லட்டும்மா, நானே வந்து சொல்றேன். எனுக்கு ஒண்ணும் வோணாம். அவள நீ கூட வெச்சிக்கின, என்னத்தான தள்ளி வுட்ட? வார்டன் கோகிலவாணின்னு கூப்புடுவாங்க. அக்கா வந்துட்டாபோலன்னு ஓடிப்போய் வாசல்ல பாப்பேன்.”

போனை வைத்த பிறகு பச்சையம்மா புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இதென்ன நியாயம்? படிக்கப் போனவள் தள்ளிவிட்டாய் என்கிறாள். மடியிலேயே இருந்தவள் கெடுத்துவிட்டாய் என்கிறாள். அம்மாவின் பாசம் மற்றவளுக்குப் போய்விட்டது என்று ரெண்டு பேரும் சொன்னால், அது போனதுதான் எங்கே? தான் பெருசின் மேல் பிரியமாக இருந்தோமா, சிறுசின் மேலா? யோசிக்க யோசிக்க அவளுக்கே தெரியவில்லை. நல்ல பிள்ளையாக இருந்ததற்காகவா ஒருத்தியைத் தண்டித்தோம்? ஒழுங்காக இரு, சொன்னதைக் கேள் என்று எத்தனை தரம் அடித்து வளர்த்தோம்! வேடியப்பனிடம் கேட்டாள். “ரெண்டும் உசுரோட கீதில்ல, வுடு” என்றான். அந்த ஆளிடம் போய்க் கேட்டாளே!

வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் பெட்டியிலிருந்த காகிதத்தோடு முகாமுக்குப் போனார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள். “பேரு?”

கோகிலா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பச்சையம்மாவுக்கு உண்மையைச் சொல்லட்டும் என்று ஒரு மனசு, ஐயோ வேண்டாம் என்று ஒரு மனசு.

“பேரச் சொல்லுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

“சிவசங்கரி.”

அப்பாடா என்றிருந்தது பச்சையம்மாவுக்கு. மறுநிமிஷமே, இதற்கா அப்பாடா என்கிறாய் பாவி என்று தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

வெளியே வந்ததும், “ஏண்டி மாத்திச் சொன்ன?” என்று கேட்டாள்.

“ஒருத்திகிட்டருந்து புடுங்கி இன்னொருத்திக்குக் குடுக்கறது உன்னோட நிக்கட்டும்மா. எம் புள்ளைக்கி அப்படி ஒண்ணும் வோணாம்.” கோகிலா வயிற்றைத் தடவிக்கொண்டாள். “இனிமே வூட்லயும் சங்கரின்னே கூப்புடு. பழகிக்கணும்.”

ஆலங்காயம் பஸ் புறப்பட நின்றது. பச்சையம்மா முந்தி ஏறி இடம் போட்டாள். மகள் எதிர்க் குழாயில் முகம் கழுவப் போனவள் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். பச்சையம்மா ஜன்னலில் தலையை நீட்டி வாயைத் திறந்தாள்.

அந்தப் பேரா? அதை மகளே இப்போதுதான் விட்டுக்கொடுத்துவிட்டு வந்தாள். இந்தப் பேரா? அதைச் சொல்லி அவளைப் பார்த்துக் கூப்பிட நாக்கு எழும்பவில்லை.

“வாயத் தொறந்து பேரச் சொல்லிக் கூப்புடும்மா! வண்டி நிக்காது” என்று கத்தினார் கண்டக்டர்.

பச்சையம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, மகளிடம் ஓடினாள்.