டிரெசருக்குச் சொன்ன பதில்

எங்கள் இன்சூரன்ஸ் கிளைமை மறுத்து வந்த கடிதம் ‘வருந்துகிறோம்’ என்று தொடங்கியது. மாதம் தவறாமல் என் கணக்கிலிருந்து பிரீமியம் பிடித்தபோது இந்த வருத்தம் எங்கே போயிருந்ததோ! என் மனைவிக்கு நெஞ்சுவலி பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்ததாம், நாங்கள் மறைத்துவிட்டோமாம். பாலிசியை விற்ற ஏஜென்ட், எங்கள் ஊரான அசாம் ஜாவாவுக்கு வந்து, வீட்டுக் கோழிக்கறியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “எல்லாம் கவர் ஆயிரும்லா அக்கா” என்றவன். இப்போது போனையே எடுப்பதில்லை.

இதய ரத்தக்குழாயில் இருந்த இரண்டு அடைப்புகளில் ஒன்றைத் தனியார் மருத்துவமனையில் நீக்கியாகிவிட்டது. கம்பெனி ஒப்புக்கொண்டால் இரண்டாவதை உடனே நீக்கலாம். இல்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருக்க வேண்டும். அவள் இதயம் அதுவரை தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம்.

கம்பெனி பிடித்துக்கொண்டு தொங்கியது ஒரே ஒரு வாக்கியத்தை. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டதற்கு இவள், “ரொம்ப வருசமா வலிக்குது” என்று சொல்லியிருக்கிறாள். வலி வந்ததென்னவோ அன்று காலை, துணி காயப்போடும்போது.

இவள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டியவள். அங்கே வைத்தியம் பார்த்தவர் டிரெசர். நேற்றிலிருந்து வலி என்று சொன்னால் ஒரு வாய் கசப்பு மருந்தை ஊற்றி வேலைக்கு விரட்டிவிடுவார். ரொம்ப வருசமா என்றால்தான் ஒருநாள் லீவு கிடைக்கும். லயத்தில், நான் உட்பட, எல்லோரும் அப்படித்தான் சொன்னோம்.

மேல்முறையீடு செய்தேன். நேரில் வந்து விளக்கச் சொன்னார்கள். கார் இஜோக் ஊரைத் தாண்டும்வரை அவளிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

“உள்ளதைச் சொல்லு. அன்னைக்குக் காலைலதான் வந்துச்சு.”

“தெரியும்ங்க. நான் என்ன சின்னப் பிள்ளையா?”

குளிரூட்டிய அறையில் டை கட்டிய கம்பெனிப் பையன் ஒருவன், பக்கத்தில் கம்பெனி டாக்டர். பாலிசிக்காரர்களை நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்குகிற டாக்டர்! பேனாவைத் திறந்து, தலை நிமிராமல் தமிழிலேயே கேட்டார்.

“எப்போலேர்ந்து வலி?”

இவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். குரலே மாறிவிட்டது.

“ரொம்ப வருசமா, சார். தாங்க முடியல.”

டாக்டர் எழுதினார். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் மேசையைத் தட்டி, தோட்டத்தையும் டிரெசரையும் லீவையும் சொல்லிக் கத்தினேன்.

“அங்கிள், இப்ப ஏது தோட்டம்?” என்று கேட்டு, கோப்பை மூடினான். அவனுடைய பாட்டனும் ஏதோ ஒரு டிரெசர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார். சொல்லி என்ன பயன்?

காரில் ஏறியதும் அவள் சீட் பெல்ட் நெஞ்சில் படாமல் அதைக் கையால் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“ஏங்க, எழுதிக்கிட்டாருல்ல? இனிமே குடுத்துருவாங்கதானே?”

நான் காரைக் கிளப்பினேன்.

“நல்லாச் சொன்னே” என்றேன்.