தங்கையின் காகிதப்பூத் தொட்டி

தங்கை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என்னிடம் விட்டுப்போன அவளுடைய காகிதப்பூச் செடி இலை இலையாக உதிர்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் பயனில்லை.

இன்று தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து டவுனான சித்தூரில் விவசாய ஆபீசில் காட்டலாம் என்று பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் எருத்தேன்பதி ஊர்க்கார அம்மா ஒருவர். கேட்காமலே மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல நெல்லு நட்டிருக்கீங்களா?"

"காகிதப்பூ."

"வேரு அழுகுதுங்க. பத்து நாளைக்குத் தண்ணி காட்டாம, வெயில்ல வெச்சுட்டுச் சும்மா இருங்க."

"நான் தாவரவியல் எம்.எஸ்ஸி. படித்தவள்."

"அது செடிக்குத் தெரியுங்களா?"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

தங்கையைப் பற்றி டாக்டரும் நேற்று அதையேதான் சொன்னார். இனி நாம் செய்ய ஒன்றுமில்லை, காத்திருங்கள் என்றார்.

பத்து நாள் எதுவும் செய்யாமல் இருக்கத் தெரிந்தவர்கள், அது எப்படி என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.