மாமி கேட்ட வேடம்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பெண்களுக்கு நாலைந்து வேலைதான். தூணைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும், மாடிப்படியில் மயங்கி விழவேண்டும், வில்லனின் விடுதியில் ஆடவேண்டும். அந்த வேடங்களையெல்லாம் எங்கள் வல்வெட்டித்துறை வீட்டிலேயே போட்டுப் புகைப்படம் பிடித்தால் என்ன என்ற ஆசை போன வருடம் எனக்கு வந்தது. நடிக்க ஒப்புக்கொண்டவள் மச்சாள், என் கணவரின் தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை காலை அவளுடைய கூந்தலைக் கோபுரம்போல் உயர்த்தி, கண்ணுக்கு வால் வைத்து மை தீட்டினேன். கைவிடப்பட்ட மனைவியாக விறாந்தைத் தூணில் சாய்ந்தாள்.

"அழு," என்றேன்.

"கண்ணாடியிலை என்னைப் பாத்ததிலையிருந்து சிரிப்புத்தான் வருது."

வெங்காயம் வெட்டி முகத்தருகே பிடித்தேன். கண்ணீர் கொட்டியது, வாய் மட்டும் சிரித்தது. அதைப் பார்த்து நானும் சிரிக்க, கமெரா ஆடியது.

சத்தம் கேட்டு, மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமி, என் கணவரின் தாய், கையைக் கழுவிவிட்டு வந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"நீங்கள் தாயா நடியுங்கோவன், மாமி. ஒரு வெள்ளைச் சீலை உடுத்தாலே காணும்."

"அதைத்தானே நெடுக நடிக்கிறன். எனக்கு மற்றவளின்ரை வேசம் தா."

"எந்த மற்றவள்?"

"சிகரெட் பிடிச்சுக்கொண்டு ஆடுவாளே, அவள்."

மச்சாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பள்ளிக்கூடக் கலைவிழாவுக்கு வாங்கிய மினுங்கல் சால்வையை மாமியின் தோளில் போட்டோம். சிகரெட்டுக்கு மச்சாளின் பையிலிருந்து, கரும்பலகையில் எழுதும் ஒரு வெள்ளைச் சோக்கட்டி. மாமி அதை இரண்டு விரலிடையே பிடித்து, ஒரு புருவத்தை மட்டும் மெல்ல உயர்த்தினார். அந்தப் புருவம் அப்படி உயரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

"எங்கை பழகினனீங்கள்?"

"பெட்டையா இருக்கேக்கை, படம் பாத்திட்டு வந்து கிணத்தடியிலை செய்து பாப்பன். ஆரும் வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்திடுவன்."

அந்த நேரம் பார்த்துச் சந்தையிலிருந்து என் கணவர் வந்தார். கையில் மரக்கறிப் பை. தாயையும் சோக்கட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்மா, உதென்ன?"

மாமி அவர் பக்கம் இல்லாத புகையை ஊதினார். "வாசல்லை நிக்காதை தம்பி. வெளிச்சத்தை மறைக்கிறாய்."

அவர் பையோடு ஒதுங்கி நின்றார். நானும் மச்சாளும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அதற்குள் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கிப் போயின. மாமி மட்டும் புருவத்தை இறக்காமல் காத்திருந்தார். அடுத்த படம் துல்லியமாக விழுந்தது.

யாழ்ப்பாண நகரில் ஒரு சிறிய கண்காட்சியில் அதைப் பெரிதாக்கி மாட்டினோம். பருத்திச் சேலை உடுத்து, திருநீறு பூசி வந்திருந்த மாமியிடமே இரண்டு மாணவிகள் கேட்டார்கள்:

"இது எந்தப் படத்திலை நடிச்சவ, அன்ரி?"

"பேர் ஞாபகமில்லைப் பிள்ளை. ஆனால் நல்லா நடிப்பா," என்றார் மாமி.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் இருந்து தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். புத்தூர் தாண்டும்போது என் தொடையில் தட்டினார்.

"பிள்ளையள் நம்பிப்போட்டினம்," என்றார். அதன்பிறகு வல்வெட்டித்துறை வரும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.