இரண்டு விரல் உயரம்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஒரு பட்டறை. காட்டுப் பாதைகளில் வண்டி ஓட்டும் குழுவினர் நான்கு பேர், தொய்ந்து கிடந்த ஒரு பழைய ஜீப்புக்குப் புது ஸ்பிரிங் மாட்டி முடித்துக் கைதட்டுகிறார்கள். என்னைக் கூட்டி வந்த நண்பர் குமாரும் அவர்களில் ஒருவர். நால்வரில் ஒருத்தியான பரீதாதான் ஜீப்பின் சொந்தக்காரி. இன்று மாலை இதே ஜீப்பில் லிட்டில் இந்தியா போய் எல்லோருமாக மீன்தலைக் கறி சாப்பிடுவதாக ஏற்பாடு.

கைதட்டல் அடங்குவதற்குள் பரீதா டேப்பை எடுத்து ஜீப்பின் உயரத்தை அளக்கிறாள்.

"போச்சு லா! ரெண்டு விரல் ஏறிடுச்சு. கார்பார்க் வாசல்ல ஜீப்போட கூரை இடிக்கும்."

மீன்தலைக் கறிக் கடைக்குப் பக்கத்தில் இருப்பது அந்த ஒரு கார்பார்க்தான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் இடமே கிடைக்காது.

"ரயில்ல போயிடலாமே?" என்கிறேன்.

நான்கு பேரும் என்னைப் பார்க்கிற பார்வையில், இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்கிறேன்.

குமார் நல்ல கனமான ஆள். ஜீப்பில் ஏறி உட்காருகிறார். கூரை மெல்ல இறங்குகிறது. எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிடுகிறது. மற்ற இருவரும் தாவி ஏறுகிறார்கள்.

"இன்னும் கொஞ்சம்!" பரீதா கத்துகிறாள். பிறகு என் தொப்பையைப் பார்க்கிறாள். "அண்ணே, நீங்களும் ஏறுங்க."

ஏறுகிறேன். மறுபடி அளந்தவள் துள்ளிக் குதிக்கிறாள். ஜீப்பே அதிரும்படி சிரிக்கிறோம்.

"அது சரி, திரும்பி வரும்போது இடிக்காதா?" என்று கேட்கிறேன்.

பரீதா ஏறிச் சாவியைத் திருகுகிறாள்.

"அப்ப எல்லாரும் சாப்பிட்டிருப்போம் லா. இன்னும் இறங்கிடும்."